கிணறு தோண்டியவரும் கயிறு வாங்கியவரும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

  

ஆண்டறிக்கை மலர் கைக்கு வந்தவுடன் நம்மில் பெரும்பாலோர் முதலில் புரட்டுவது நன்கொடையாளர் பட்டியலைத்தான். வரவு செலவுப் பக்கம் அதற்குப் பின்னரே. இவ்விரு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஆழ்துளைக் கிணறு அமைத்துக் கொடுத்தவர், தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவர், குடிநீர் இயந்திரம் வாங்கிக் கொடுத்தவர் என நன்கொடைப் பக்கத்தில் பெயர்கள் இருக்கும். செலவுப் பக்கத்திலோ மோட்டார் பழுது பார்த்தது, குழாய் மாற்றியது, மின் கட்டணம், கழிப்பறைத் தொட்டி சுத்தம் செய்தது என வரிகள் இருக்கும். அவற்றுக்கு நேரே எவருடைய பெயரும் இராது. எந்த ஜமாஅத்தின் மலரை எடுத்தாலும் பெரும்பாலும் இப்படித்தான். கிணறு தோண்டியவரின் பெயர் கல்லில் நிற்கிறது. வாளிக்குக் கயிறு வாங்கியவரின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் கயிறு அறுந்த கிணற்றில் எவ்வளவு நீர் கிடந்தும் தாகித்தவனுக்கு என்ன பயன்?

இக்கேள்வியை மனத்தில் இருத்தி, குடிநீருக்கும் துப்புரவுக்கும் மக்கள் எவ்வாறு பொருள் திரட்டினர், அப்பொருளால் உண்டானதை எவ்வாறு காத்தனர், எங்கே காக்கத் தவறினர் என்பதை வரலாற்றின் வழியே சிறிது நோக்குவோம்.

ரூமா கிணறு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தபோது அங்கு நல்ல குடிநீர் அரிதாக இருந்தது. ரூமா என்னும் கிணற்றின் நீர் சுவையானது. ஆயினும் அதன் உடைமையாளர் நீரை விலைக்கே விற்று வந்தார். காசில்லாத ஏழைகள் அவதியுற்றனர். அக்கிணற்றை வாங்கிப் பொதுவாக்குபவருக்கு மறுமையில் நற்கூலி உண்டு என நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூற, உஸ்மான் (ரலி) அவர்கள் முன்வந்தார்கள். கொடுத்த தொகையைப் பற்றிய அறிவிப்புகள் வேறுபடுகின்றன. நிகழ்ந்த முறை பற்றிய செய்தி சுவையானது. முதலில் பாதி உரிமையே விலைக்குக் கிடைத்தது. ஒரு நாள் உஸ்மான் (ரலி) அவர்களின் முறை, மறுநாள் பழைய உடைமையாளரின் முறை. உஸ்மான் (ரலி) அவர்கள் தம் முறை நாளில் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். மக்கள் அன்றே இரண்டு நாள் தேவைக்கும் எடுத்துக்கொண்டனர். மறுநாள் விலை கொடுப்பார் இல்லை. ஆகவே அவர் மீதிப் பாதியையும் விற்றுவிட்டார்.

இந்நிகழ்வில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கிணற்றை வாங்கிய செல்வர் தமக்கென்று தனி உரிமை எதையும் வைத்துக்கொள்ளவில்லை. மற்றவர் வாளி எப்படியோ அப்படியே தம் வாளியும் என்று ஆக்கிக்கொண்டார்கள். அடுத்து, அக்கிணறு மீண்டும் விலைபொருளாகாதவாறு அறப்பொருளாக நிறுத்தப்பட்டது. தம் தாயார் மறைந்தபின் அவருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று வினவிய ஸஅது பின் உபாதா (ரலி) அவர்களும் தண்ணீரே சிறந்தது என்று அறிந்து கிணறு ஒன்றைத் தோண்டினார்கள். அன்று முதல் இன்று வரை முஸ்லிம் ஊர்களில் கிணறும் குளமும் ஸதகத்துல் ஜாரியா, அதாவது செய்தவர் மறைந்த பின்னும் ஓடிக்கொண்டிருக்கும் தர்மம் எனப் போற்றப்படுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் தர்மம் என்ற பெயரிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஜுபைதா அம்மையாரின் கால்வாய்

அப்பாஸிய கலீபா ஹாரூன் ரஷீத் அவர்களின் துணைவியார் ஜுபைதா அம்மையார் (மறைவு கி.பி. 831) மக்காவில் ஹாஜிகள் தண்ணீருக்குப் படும் துயரைக் கண்டு, மலைப்பகுதி ஊற்றுகளிலிருந்து கால்வாய் அமைத்து நீர் கொண்டுவந்தார். 'ஐன் ஜுபைதா' என்று உலகம் இன்றும் அவர் பெயரால் அதை அழைக்கிறது. பணி முடிந்ததும் கணக்கர்கள் செலவுப் புத்தகங்களைக் கொண்டுவர, கணக்கை மறுமை நாளுக்கு விட்டுவிட்டோம் என்று கூறி அவற்றை ஆற்றில் போட்டுவிட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. அம்மையார் தம் சொந்தச் செல்வத்தைக் கொடுத்தவர்; அவர் கணக்கை ஆற்றில் விடலாம். பலர் கொடுத்ததைக் கையில் வைத்திருக்கும் ஜமாஅத்தோ, ஊராட்சியோ அவ்வாறு செய்ய இயலாது என்பதை இங்கேயே சொல்லி வைப்போம்.

அக்கால்வாயின் பிற்கால வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மலைநாட்டில் திடீர் வெள்ளம் வரும், கரை உடையும், மண்ணும் கல்லும் சேர்ந்து கால்வாயைத் தூர்த்துவிடும். அப்போதெல்லாம் மக்கா மீண்டும் தவித்தது. நூற்றாண்டுகள்தோறும் யாரோ ஒருவர் முன்வந்து சீர்ப்படுத்த வேண்டியிருந்தது. 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய சுல்தான் சுலைமான் அவர்களின் மகளார் மிஹ்ரிமா அம்மையார் பெரும்பொருள் கொடுத்துப் புதுப்பித்தார். 19ஆம் நூற்றாண்டில் நடந்த சீரமைப்புக்கு இந்திய முஸ்லிம்களும் நிதி திரட்டிக் கொடுத்தனர். ஆக, ஜுபைதா அம்மையாரின் கால்வாய் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பயன் தந்தது என்றால், அது கட்டியவரால் மட்டுமன்று, தூர் வாரியவர்களாலும்தான்.

சட்ட மேதைகள் கண்ட வழி

இந்த அனுபவத்தை நம் மார்க்கச் சட்ட மேதைகள் நன்கு உணர்ந்திருந்தனர். அதனால்தான் கிணறு, சத்திரம், மருத்துவமனை ஆகியவற்றை வக்பு செய்தவர்கள் அவற்றோடு கடை, தோப்பு, நிலம் போன்ற வருவாய் தரும் சொத்தையும் சேர்த்து எழுதி வைத்தனர். வக்பு சொத்தின் வருவாயை முதலில் எதற்குச் செலவிட வேண்டும்? ஏழைகளுக்கா, மாணவர்களுக்கா, பணியாளர்களுக்கா? ஹனஃபி சட்ட நூலான ஹிதாயா தெளிவாக விடை தருகிறது: முதற்செலவு அந்தச் சொத்தைப் பழுது பார்த்துப் பேணுவதற்கே; வக்பு செய்தவர் அவ்வாறு நிபந்தனை எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் சரியே. சொத்து அழிந்தால் பயன் பெறுவோரும் இழப்பர் என்பதே காரணம். பராமரிப்பு மிச்சப் பணத்தில் செய்யும் வேலையன்று. அதுவே முதல் உரிமை உடையது. இந்த ஒரு விதியை நெஞ்சில் நிறுத்தி, இனி நம் காவிரி நாட்டுக்கு வருவோம்.

குடிமராமத்தும் கடைமடையும்

தஞ்சை மண்ணில் நீரைக் காக்கும் பொறுப்பு பன்னெடுங்காலம் ஊராரிடமே இருந்தது. வாய்க்கால் தூர் வாருதல், கரை கட்டுதல், மதகைச் சரிசெய்தல் ஆகிய சிறு வேலைகளைக் குடிமக்களே வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பிச் செய்தனர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரியும் நிர்வாகமும் ஊராரின் கையை விட்டுச் சர்க்காரிடம் சென்றன. உரிமை போனதும் கடமையும் தளர்ந்தது. தளர்ந்த வழக்கத்தை உயிர்ப்பிக்க 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஊரார் தம் குளம் என்று கருதிச் செய்த வேலையைச் சட்டத்தின் கட்டளையால் செய்விக்க இயலவில்லை. குடிமராமத்து என்னும் பெயரை 2017ஆம் ஆண்டு வாக்கில் தமிழக அரசு மீண்டும் எடுத்து ஏரி குளங்களைத் தூர் வாரும் திட்டத்திற்குச் சூட்டியது.

1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை நிறைவுற்றது. கல்லணைக் கால்வாயும் வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளுக்குக் காவிரி நீர் எட்டிற்று. நம் அதிராம்பட்டினமோ அந்நீரின் கடைமடை. அதற்கப்பால் உப்பளமும் பாக் நீரிணையும்தான். மேலேயுள்ளோர் குடித்து, பாய்ச்சி, மிஞ்சியதே நம் குளங்களுக்கு வரும். ஆகவே நமக்குக் குளம் என்பது வயலுக்கு உரிய நீர் மட்டுமன்று. கடலோர மண்ணில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் கிடைக்கும் என்பது நீரியல் அறிஞர் கண்ட கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பாகும். குளம் வறண்ட ஆண்டில் கேணித் தண்ணீர் உவர்ப்பதன் இரகசியம் இதுவே. எனவே குளத்தைத் தூர் வாருவதும் குடிநீர்ச் செலவே. குளம் தூர்ந்து கிடக்க ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழமாக்குவது உப்பை விலை கொடுத்து அழைப்பதாகும்.

அடிபம்பு கற்றுத் தந்த பாடம்

நாடு விடுதலை பெற்ற பின் கிராமக் குடிநீருக்கு அரசு பெருந்தொகை ஒதுக்கத் தொடங்கிற்று. 1954இல் தேசியக் குடிநீர் வழங்கல் மற்றும் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நிறுவப்பட்டது. யூனிசெஃப் நிறுவனத்தின் உதவியோடு பாறை நிலங்களிலும் துளையிட்டு ஆயிரக்கணக்கான அடிபம்புகள் நாட்டப்பட்டன. நாட்டியவர்கள் மகிழ்ந்தனர். 1974இல் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் சென்று பார்த்தபோது, முக்கால் பங்கு வரை பம்புகள் இயங்காமல் நின்றன. வீட்டு உபயோகத்திற்கென வார்த்த பம்பை நாளெல்லாம் ஊரே அடித்தால் அது எத்தனை நாள் தாங்கும்? உடைந்தால் யார் வந்து பார்ப்பது?

இதன் பின்னரே 'இந்தியா மார்க் 2' என்னும் உறுதியான அடிபம்பு உருவாக்கப்பட்டு, கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 1970களின் இறுதியில் நாடெங்கும் பரவிற்று. பின்னர் பிற நாடுகளுக்கும் சென்றது. பம்பு மட்டும் மாறவில்லை, பேணும் முறையும் மாறியது. ஊரில் ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்தில் ஒரு பழுதுநீக்குநர், மாவட்டத்தில் வண்டியும் கருவிகளும் கொண்ட ஒரு குழு என மூன்றடுக்கு ஏற்பாடு தமிழ்நாட்டில் வகுக்கப்பட்டது. அதற்கடுத்து வந்த 'மார்க் 3' பம்பு, ஊராரே பழுது நீக்கத்தக்க வகையில் அமைக்கப்பட்டது. இரும்பு உறுதியாக இருந்தால் போதாது. யார் கையில் திருப்புளி இருக்கிறது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும் என்பதே அடிபம்பு தந்த பாடம்.

பூட்டிக் கிடந்த வளாகங்கள்

துப்புரவிலும் இதே கதைதான். 2001 முதல் 2004 வரை தமிழ்நாட்டின் ஊராட்சிகள்தோறும் ஒருங்கிணைந்த மகளிர் சுகாதார வளாகங்கள் கட்டப்பட்டன. கழிப்பறை, குளியலறை, துணி துவைக்கும் இடம் என நல்ல எண்ணத்துடன் அமைந்த கட்டடங்கள் அவை. பல இடங்களில் தண்ணீர் வரவில்லை, மோட்டார் பழுதாயிற்று, துப்புரவு செய்ய ஆள் இல்லை, இருந்த ஆளுக்கு ஊதியம் இல்லை. கதவுகளில் பூட்டுத் தொங்கியது. இருட்டு வேளையை எதிர்பார்த்துக் காத்திருந்த பெண்களின் துயரம் நீங்கவில்லை. 2011-12இல் அவ்வளாகங்களை மீண்டும் பொருள் செலவிட்டுச் சீரமைக்க நேர்ந்தது. முதலில் கட்டிய செலவோடு, ஆண்டுதோறும் பேணும் செலவுக்கும் வழி கண்டிருந்தால் இந்த இரட்டைச் செலவு நேர்ந்திராது.

நடைபாதையிலும் நிழல் தரும் மரத்தடியிலும் நீர்த்துறையிலும் மலஜலம் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்துள்ளார்கள். நாம் இன்று அவ்வாறு வெளியே செல்வதில்லை என்று நிம்மதி கொள்கிறோம். ஆனால் வீட்டுக்குள்ளேயே, அடி மூடாத குழியைக் குடிநீர்க் கேணிக்கு அருகில் வைத்தால், மண்ணுக்குக் கீழே அதே தவறு நடக்கிறது. நம்முடையது மணற்பாங்கான நிலம். கசிவு விரைந்து பரவும். கழிவுக் குழிக்கும் கேணிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர், அதாவது ஏறத்தாழ 50 அடி இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நிரம்பிய செப்டிக் டேங்கில் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; சட்டம் இல்லாவிடினும் பாவம். கழிவைக் கொண்டுசெல்லும் வண்டி அதை வாய்க்காலில் கொட்டினால், நாம் கட்டணம் கொடுத்து அடுத்தவர் நீரைக் கெடுத்தவர் ஆவோம். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017ஆம் ஆண்டு முதல் இத்தகைய கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் செயல்படுகிறது. பக்கத்து ஊரான மதுராந்தகமும் அதைப் பயன்படுத்துகிறது. ஓர் ஊரால் தனித்துச் சுமக்க இயலாததை இரண்டு ஊர்கள் சேர்ந்து சுமக்கலாம் என்பதற்கு இது சான்று.

மக்கள் பங்கு என்னும் கொள்கை

இலவசமாகக் கட்டிக் கொடுத்தவை கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்ட அரசு, 1999இல் தொடங்கிய சீர்திருத்தத்திலும், 2002இல் வந்த ஸ்வஜல்தாரா திட்டத்திலும் புதிய கொள்கையை வகுத்தது. கட்டும் செலவில் பத்தில் ஒரு பங்கை ஊரார் தர வேண்டும். கட்டிய பின் நடத்தும் செலவு முழுவதையும் ஊராரே ஏற்க வேண்டும். 2019 ஆகஸ்ட் 15ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டமும் இவ்வழியே வந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீட்டுக் குழாயில் தருவது அதன் குறிக்கோள். ஊருக்குள் அமையும் பணிகளின் செலவில் 10 விழுக்காடும், மலைப்பகுதி மற்றும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மிகுதியாக வாழும் ஊர்களில் 5 விழுக்காடும் மக்கள் பங்கு. பாதிப் பேர் பெண்களாகவுள்ள ஊர்க்குழு அதை நடத்த வேண்டும். 2019இல் 3.23 கோடிக் கிராம வீடுகளுக்கே குழாய் இருந்தது. 2025இல் அது 15 கோடியைத் தாண்டியது. பதினைந்தாவது நிதிக்குழுவும் 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என ஒதுக்கிற்று.

இவையெல்லாம் நல்லவையே. எனினும் குழாய் வருவது ஒரு நாள் விழா. மின் கட்டணம் மாதந்தோறும் வரும் விருந்தாளி. வீட்டுக்கு வீடு சிறு கட்டணம் வாங்கலாம்தான். கூலி கிடைக்காத மாதத்தில் ஏழை எப்படிக் கொடுப்பார்? அவருக்குக் குழாயை அடைக்கலாமா? பணக்கார ஊர் தன் நீரைத் தானே பேணிக்கொள்ளும். வறிய ஊர் என்ன செய்யும்? மக்கள் பங்கு என்னும் கொள்கை விடை சொல்லாமல் விட்டுச் சென்ற கேள்வி இது. அதற்கு ஓர் ஊர் தன் சொந்த அறிவால் விடை கண்டது.

ஓடந்துறை கண்ட விடை

கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்தது ஓடந்துறை ஊராட்சி. எளிய உழைப்பாளிகள் வாழும் ஊர். 1996 முதல் 2006 வரை அதன் தலைவராக இருந்தவர் திரு. ஆர். சண்முகம். பவானி ஆற்றிலிருந்து நீரெடுத்துச் சுத்திகரித்து வழங்கும் திட்டம் மக்கள் பங்கோடு அங்கு வந்தது. தண்ணீர் வந்தது, கூடவே மின் கட்டணமும் பன்மடங்கு பெருகிற்று. இப்படியே சென்றால் ஊராட்சியின் வருவாய் முழுவதையும் மோட்டாரே விழுங்கிவிடும் என்ற நிலை.

முதலில் மரத்துண்டுகளைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் 9 கிலோவாட் இயந்திரத்தை 2003இல் அமைத்து நீரேற்றும் செலவைக் குறைத்தனர். பின்னர் துணிந்து ஒரு பெரிய முடிவெடுத்தனர். ஊராட்சி சேமித்து வைத்திருந்த 40 லட்சம் ரூபாயோடு, வங்கியில் 1 கோடியே 15 லட்சம் ரூபாய் கடன் பெற்று, மொத்தம் 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை 2006இல் ஊராட்சியின் பெயரிலேயே வாங்கினர். காற்றாலை நின்றது தம் ஊரில் அன்று. காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம். அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் மின்சாரம் உற்பத்தியாயிற்று. ஊராட்சியின் தேவை ஏறத்தாழ 4.5 லட்சம் யூனிட். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனைத் தவணைகளாகக் கட்டினர். வெளிநாட்டிலிருந்தும் அறிஞர்கள் வந்து பார்த்துச் செல்லும் ஊராயிற்று ஓடந்துறை.

அவ்வூரார் வக்பு என்ற சொல்லைக் கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருக்கலாம். ஆனால் அவர்கள் செய்தது என்ன? நன்கொடையை எதிர்பாராமல், ஆண்டுதோறும் கையேந்தாமல், தம் குடிநீருக்கென்று வருவாய் தரும் ஒரு சொத்தைத் தேடி வைத்தனர். கிணறு ஓர் ஊரில், அதற்கு வருவாய் தரும் கடைத்தெரு வேறோர் ஊரில் என நம் முன்னோர் எழுதி வைத்த ஏற்பாடே அது. நம் பழைய வழியை ஒரு கிராம ஊராட்சி புதிய கருவியால் செய்து காட்டியிருக்க, நாம் அவ்வழியை மறந்து கல்வெட்டில் பெயர் பொறிப்பதோடு நின்றுவிட்டோம் என்பதே நம் வருத்தம்.

கஜா புயலின் எச்சரிக்கை

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வீசிய கஜா புயலை நம் பகுதியில் எவரும் மறக்க இயலாது. மின்கம்பங்கள் சாய்ந்தன, மின்சாரம் இல்லாததால் மேல்நிலைத் தொட்டிகள் வறண்டன. நிலத்தடியில் தண்ணீர் இருந்தது. மேலே ஏற்ற வழியில்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்று நீரேற்றிய நாட்கள் அவை. கைவிட்ட பழைய கேணிகளையும் அடிபம்புகளையும் அன்று மக்கள் தேடிச் சென்றனர். பேணி வைத்திருந்த இடத்தில் தண்ணீர் கிடைத்தது. தென்னந்தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. தோப்பு வருவாயை மட்டும் நம்பியிருந்த அறநிலைகள் கையற்று நின்றன. ஒரே சொத்தை நம்பக் கூடாது என்னும் பாடமும் இதில் உண்டு.

அப்புயலுக்குப் பின் 2019இல், நமக்கு அண்மையிலுள்ள பேராவூரணியில் இளைஞர்களும் விவசாயிகளும் 'கைஃபா' என்னும் கடைமடை விவசாயிகள் சங்கத்தின் வழியே பொதுமக்களிடம் நிதி திரட்டி, 564 ஏக்கர் பரப்புள்ள பெரியகுளத்தைத் தூர் வாரிக் கரை அமைத்தனர். உள்ளூரார் கொடுத்ததும் கடல் கடந்தோர் அனுப்பியதும் சேர்ந்தே அது நடந்தது. நம் வட்டாரத்தாரால் இயலாது என்று இனி எவரும் சொல்ல முடியாது.

நாம் செய்யத்தக்கவை

நம் ஊர் 2021இல் நகராட்சியாக உயர்ந்தது. குடிநீரும் துப்புரவும் நகராட்சியின் கடமை. அக்கடமையைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. அதை ஜமாஅத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆனால் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கொடைவள்ளல்களும் அமைத்த கிணறுகள், குடிநீர் இயந்திரங்கள், கழிப்பறைகள் நம் பொறுப்பில் உள்ளவை. சுற்றியுள்ள கிராமங்களில் நம்மவர் அமைத்துக் கொடுத்தவையும் உண்டு. அவற்றைப் பற்றிச் சில யோசனைகளைப் பொதுக்குழுவின் கவனத்திற்குப் பணிவுடன் வைக்கிறோம்.

முதலாவதாக, புதிதாக ஒன்றை அமைக்கும் முன், இருப்பவற்றை எண்ணிப் பார்ப்போம். எது இயங்குகிறது, எது நின்றுவிட்டது, எதனால் நின்றது என்று ஒரு பதிவேடு வேண்டும். நின்றுபோன ஒன்றை ஓடச் செய்பவருக்கும் ஸதகத்துல் ஜாரியாவின் நன்மை உண்டு என்றே நாம் நம்புகிறோம்.

இரண்டாவதாக, கிணறோ இயந்திரமோ அமைத்துத் தர முன்வரும் கொடையாளரிடம், அமைக்கும் தொகையோடு அதைப் பேணுவதற்கென ஒரு பங்கையும் கேட்டுப் பெறுவோம். எடுத்துக்காட்டாக, ஒரு லட்சம் ரூபாய் தருபவரிடம், 75 ஆயிரத்தில் அமைப்போம், 25 ஆயிரத்தைப் பேணும் நிதியில் வைப்போம் என்று சொன்னால், அல்லாஹ்வுக்காகக் கொடுப்பவர் மறுக்க மாட்டார்.

மூன்றாவதாக, அந்நிதியைச் செலவழித்துத் தீர்க்காமல், ஹலாலான வருவாய் தரும் சொத்தாக்குவோம். வாடகைக் கடை ஒரு வழி. பள்ளிவாசல் கூரையில் சூரிய மின்தகடு அமைத்து மின் கட்டணத்தைக் குறைப்பது மற்றொரு வழி. ஓடந்துறைக்குக் காற்று என்றால் நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. வட்டியின் பக்கம் செல்ல வேண்டியதில்லை. ஜகாத் பணத்தையும் இதில் சேர்த்தல் கூடாது; அது உரிய எளியோரின் கைக்கே சென்று சேர வேண்டியது என்பது ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளின் நிலையாகும். ஸதகா, வக்பு, சந்தா ஆகியவையே இதற்குரியவை. ஆவணம் எழுதுவதில் சட்டம் அறிந்தோரின் ஆலோசனையும் அவசியம்.

நான்காவதாக, தொட்டியைக் கழுவுபவர், மோட்டாரைப் போடுபவர், கழிப்பறையைத் துப்புரவு செய்பவர் ஆகியோரின் ஊதியம் அந்நிதியின் முதற்செலவாக இருக்கட்டும். அவர்கள் கையுறையும் காலணியும் இல்லாமல் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு, தூய்மை ஈமானைச் சார்ந்தது என்று மிம்பரில் நாம் பேசுவது அழகாகாது. இக்குறை நம்மிடமும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறோம்.

ஐந்தாவதாக, நம் பொறுப்பிலுள்ள தண்ணீர் தாகித்து வரும் எவருக்கும் பொதுவாக இருக்கட்டும். பொதுக் குளத்தில் நீர் அள்ளும் உரிமைக்காக 1927 மார்ச் 20இல் டாக்டர் அம்பேத்கர் மஹாத் நகரில் போராட வேண்டியிருந்த நாடு இது. ரூமா கிணற்றின் வாரிசுகளாகிய நம் குழாயடியில் குலமும் மதமும் கேட்கப்படலாகாது.

ஆறாவதாக, கணக்கு. இம்மலரிலேயே இனி ஆண்டுதோறும் ஒரு பக்கம் குடிநீர், துப்புரவுப் பராமரிப்புக்கென ஒதுக்கப்படட்டும். வரவு, செலவு, ஓடுபவை, நின்றவை அனைத்தும் அதில் வரட்டும். கொடுத்தவர் விரும்பினால் அவர் பெயரும் வரட்டும். மோட்டார் பழுது நீக்கிய செலவுக்கு நேரே ஒரு சகோதரரின் பெயரைக் காணும் நாளில், கயிறு வாங்குவதும் கண்ணியமான கொடையே என்று நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வர்.

அன்பர்களே! தாயின் பெயராலும் தந்தையின் பெயராலும் நாம் தோண்டிய கிணறுகள் பல. அவற்றில் நின்றுபோன ஒன்றின் பக்கத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். கல்லில் பெயர் இருக்கும். குழாயில் நீர் இராது. அப்பெயருக்குரியவர் கப்ரில் இருந்து வந்து பழுது பார்க்கப் போவதில்லை. அவருடைய தர்மத்தை ஓடச் செய்யும் பொறுப்பை அவர் நம்மிடமே விட்டுச் சென்றிருக்கிறார்.

தோண்டியவரின் கொடையையும், காத்தவரின் உழைப்பையும், துப்புரவு செய்தவரின் வியர்வையையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! நம் ஊரின் குளங்களை நிறைப்பானாக! நம் கேணிகளின் நீரை இனிமையாக வைப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.